தோளில் விழுந்த கை

கல்முனைக்கு ரயில் பாதை கிடையாது. ஆனாலும் எழுபத்தொன்பதாம் ஆண்டில் ரயிலை ஏமாற்றுவதில் கல்முனைக்குடி அச்சிமுகம்மதுவை மிஞ்ச ஆள் இல்லை. மருதமுனைத் தறியில் நெய்த சாரம் விற்கக் கொழும்புக்குப் போகிறவர். பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய், டிக்கட் வாங்காமல் கோச்சியில் ஏறுவார். பரிசோதகர் தலை தெரிந்ததும் துண்டை விரித்துத் தொழ ஆரம்பித்துவிடுவார். தொழுகிறவரை யார் குறுக்கிடுவார்? பெட்டிக்குப் பெட்டி வழியில்லாத கோச்சி அது. அடுத்த ஸ்டேஷனில் பரிசோதகர் இறங்கி மற்றப் பெட்டிக்குப் போயே ஆகவேண்டும். அதுவரை இவர் நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூதில் கிடப்பார். படைத்தவனையே டிக்கட்டாக்கிய கெட்டிக்காரர்!

அன்று பொலன்னறுவையில் பரிசோதகர் ஏறியபோது அச்சிமுகம்மது குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பதறி எழுந்தார். லுஹர் என்ற நண்பகல் தொழுகை நேரம்தான். ஆனால் தூங்கினால் ஒளு முறிந்துவிடும். கை, முகம், கால் கழுவி மறுபடி ஒளு எடுக்காமல் தொழ நிற்கக்கூடாது. நடிப்புக்கு எதற்கு ஒளு? துண்டை விரித்துக் கையைக் கட்டினார்.

இந்தப் பரிசோதகர் நகரவில்லை. கதவோரம் சாய்ந்து இவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது அச்சிமுகம்மதுவின் வலது தோளில் ஒரு கை விழுந்தது.

உயிர் போய் வந்தது. ஆனால் அது பரிசோதகரின் கை இல்லை. தனியே தொழுகிறவரைத் தோளில் தொட்டு, அவரை இமாமாக்கிப் பின்னால் நின்று தொழுவது வழக்கம். "அல்லாஹு அக்பர்" என்ற குரல் தெரிந்த குரல். மீராமுகைதீன்! பெட்டியின் மறுகோடியில் இருந்தவரை இவர் கவனிக்கவே இல்லை. தன் மகள் ஹாஜறாவுக்கு அவருடைய மகனைத்தான் மாப்பிள்ளை கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். பதில் இன்னும் வரவில்லை.

வாயை மூடிக்கொண்டு குனிந்து நிமிர்ந்தால் மானமும் மிஞ்சும், சம்பந்தமும் கைகூடும். அரசாங்கத்தை ஏய்த்தபோது உறுத்தாத நெஞ்சு இப்போது உறுத்தியது. ஒரு மனிதன் இவரை நம்பிக் கைகட்டி நிற்கிறான். குனியப் போனவர் குனியவில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது.

அந்த மூத்தவர் பக்கம் திரும்பினார்.

"காக்கா, எனக்கு ஒளு இல்ல. நீங்க தனியத் தொழுங்க."

பிறகு பரிசோதகரிடம், "டிக்கட்டும் இல்ல, மாத்தயா" என்றார்.

மீராமுகைதீன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தொழுகையில் கதைக்கக்கூடாது. அவர் பாட்டுக்குத் தொழுதார்.

ஹிங்குராக்கொடை ஸ்டேஷனில் பரிசோதகர் இவரைக் கையைப் பிடித்து இறக்கினார். கோச்சி நகரும்போதுதான் ஜன்னலில் மீராமுகைதீனின் தலை தெரிந்தது. முகத்தில் சிரிப்பில்லை.

"வெள்ளிக்கிழம உங்கட ஊட்டுக்குப் பதில் சொல்ல வாறன். அண்டைக்காவது ஒளுவோட இரிங்க!"