மிண்டா அக்காளின் இடது காது முடிச்சு

கரோலினா கடலோரத்தில் கறுப்புச் சிப்பாய்களான எங்கள் முகாமில் மிண்டா அக்காளிடம் சட்டை வெளுக்கப் போடாத சிப்பாய் கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படை வந்ததும், எங்களை அடிமைகளாக வைத்திருந்த எஜமான்கள் ஓடினார்கள். அவள் வெளுப்புத் தொட்டியோடு இங்கே வந்துவிட்டாள். வாய் மட்டும் அப்பப்பா!

அவள் தங்கை பைனாவைச் சின்ன வயசிலேயே எங்கோ விற்றுவிட்டார்கள். அவளைத் தேடாத நாளில்லை. அப்போதுதான் வடக்கிலிருந்து ஒரு பத்திரிகைக்காரன் படம் வரைய வந்தான்.

"தலைத்துணியை அவிழ்த்துட்டு, கொஞ்சம் அழுற மாதிரி நில்லும்மா."

"எதுக்கு அழணும்? உன் மூஞ்சியைப் பார்த்தா? தொரை, எங்க வீட்டுப் பொம்பளைங்க மட்டும்தான் முடிச்சை இடது காது மேல போடுவோம். என் தங்கச்சி அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கணும். முடிச்சை வரை, பேரை எழுது!"

பத்திரிகை வந்தது. புதிதாக எழுத்துக் கற்றிருந்த நான்தான் தட்டுத் தடுமாறி வாசித்தேன். "நன்றிக் கண்ணீர் விடும் அகதி." பேரே இல்லை. போதாததற்கு, அச்சடிக்க மரக்கட்டையில் செதுக்கியவன் படத்தை இடம் வலமாக்கிவிட்டான். முடிச்சு வலது காதில்!

அதே பக்கத்தில் எங்கள் படையைப் பற்றியும் ஒரு கேள்வி: கறுப்பர்கள் சண்டையில் நிற்பார்களா? சண்டையில் என் சட்டையைத் துளைத்த குண்டின் ஓட்டையைத்தான் அப்போது அக்காள் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை வீசி எறிந்தாள்.

"நாசமாப் போறவன்! இனிமே அவ எப்படிடா என்னைக் கண்டுபிடிப்பா?"

அதன்பின் அவள் யாரையும் திட்டவேயில்லை. முகாமே பயந்துபோனது.

குளிர் வந்தது. குடிசைகளில் காற்றுப் புகாமல் இருக்கப் பழைய பத்திரிகைகளைச் சுவரில் ஒட்டுவோம். ஒருநாள் பக்கத்துத் தீவிலிருந்து வந்த படகில் ஒரு பெண் இறங்கினாள். இடது காது மேல் முடிச்சு. தொட்டியருகே வந்து நின்றாள்.

"அக்கா!"

மிண்டா அக்காள் கையிலிருந்த சட்டையைத் தொட்டியில் போட்டாள். "அடி பைனா! அந்தப் பாவி முடிச்சை மாத்திப் போட்டுட்டானே, எப்படிடி கண்டுபிடிச்சே?"

"முடிச்சை யாரு பார்த்தா? எங்க குடிசைச் சுவத்துல ஒட்டியிருந்துச்சு. கீழே நன்றிக் கண்ணீர்னு எழுதியிருக்குன்னு வாத்தியாரம்மா படிச்சுக் காட்டினாங்க. மேலே பார்த்தா, வரையறவனைக் கடிச்சுத் துப்பற மாதிரி ஒருத்தி முறைச்சுக்கிட்டு நிக்குறா. உன்னை விட்டா உலகத்துல வேற யாரு?"

அன்றைக்கு மிண்டா அக்காள் தொட்டியில் கையை ஊறவிட்டபடி ஓவென்று அழுதாள். படம் வரையத்தான் ஒருத்தனும் இல்லை.