பிடிமண் எடுத்த இடம்

அப்பா கேட்டது ஒன்றுதான். சாவதற்குள் எங்கள் குலசாமி இருக்கும் ஊரில் ஒரு முறை நின்று கற்பூரம் ஏற்ற வேண்டும். அவருக்கு வயது எண்பத்தொன்று. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அது எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது என் வேலை என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

"ஊர்ல கீறவன் கதையெல்லாம் முப்பது வருசம் எழுதினியே, நம்ம கதைய ஒரு தபா எழுதக் கூடாதா?" என்றார்.

நான் நாளிதழ் ஒன்றில் மாவட்டச் செய்தியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கேட்டால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் இன்னொருவரைக் கேட்கலாம் என்ற பழக்கம் உள்ளவன். சரி என்றேன்.

பென்னலூரில் எங்கள் தெருவில் இருபது வீடுகள். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். வார நாட்களில் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் வேன்களையே வாடகைக்குப் பிடித்து, கண்ணாடியில் ஒட்டிய கம்பெனிச் சீட்டைக்கூடக் கிழிக்காமல், செஞ்சிப் பக்கம், திருவண்ணாமலைப் பக்கம் என்று அவரவர் குலசாமிக்குப் போவார்கள். நாங்கள் எங்கும் போவதில்லை. பெரியப்பா மகனின் மனையில், பின்பக்கச் சுவரை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இருக்கிறது. அதற்குப் பொங்கல் வைப்போம்.

அந்தக் கல் முதலில் சேரப்பணஞ்சேரியில் எங்கள் நிலத்தில் இருந்தது. நட்டவர் அப்பாவின் தாத்தா. அவர் வெளியூரிலிருந்து வந்தவர். வரும்போது தன் சாமி இருந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து எடுத்து வந்தார். அதைப் புதைத்து, மேலே கல்லை நட்டார். இப்படிப் பிடிமண் எடுத்து வந்து வைத்தால் சாமியும் கூடவே வந்துவிட்டதாக அர்த்தம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. அப்பாவும் அண்ணனும் (பெரியப்பா மகனை அப்படித்தான் கூப்பிடுவேன்) கல்லின் அடியிலிருந்து மறுபடி பிடிமண் எடுத்து, கல்லோடு பென்னலூருக்குக் கொண்டு வந்தார்கள். நான் அப்போது வேறு மாவட்டத்தில் வேலையில் இருந்தேன்.

அந்த மண் சிவப்பாக இருந்தது. அப்பாவின் நம்பிக்கை முழுவதும் அதில்தான். சேரப்பணஞ்சேரியில் எங்கள் நிலம் சாம்பல் நிறக் களி. "குழியத் தோண்டினா செவசெவன்னு வருது. எங்க தாத்தா எடுத்தாந்த மண்ணு, அப்படியே கீது" என்று அன்று இரவே எனக்குப் போன் செய்து அழுதார். ஒரு பிடி மண் எப்படி ஒரு குழி மண்ணாகும் என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். சொன்னது வெளி ஆளாக இருந்தால் கேட்டிருப்பேன்.

முதலில் காகிதங்களைத் தேடினேன். கிராம நிர்வாக அலுவலகத்தில் பழைய நிலப் பதிவேட்டில் அப்பாவின் தாத்தா பெயர் மட்டும் இருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு, நான்காவது நடையில் அவர் நிலம் வாங்கிய பத்திரத்தின் நகல் கிடைத்தது. விற்றவருக்குத் தகப்பன் பெயர், ஊர், தொழில் எல்லாம் விவரமாக இருந்தன. வாங்கியவருக்கு, அதாவது எங்கள் ஆளுக்கு, "மேற்படி கிராமத்தில் வசிக்கும்" என்பதோடு சரி. தகப்பன் பெயருக்கு இடம் விட்டிருந்தது. எழுதியவர் கேட்க மறந்தாரா, இவர் சொல்லவில்லையா என்பதைக் காகிதம் சொல்லாது.

பிறகு ஆட்கள். உறவில் வயதானவர்கள் மூன்று பேர் மிச்சம். பஞ்சத்தில் தெற்கேயிருந்து நடந்து வந்தார் என்றார் ஒருவர். ஏரிக்கரை போட வந்த கூலிக் கூட்டத்தில் வந்து தங்கிவிட்டார் என்றார் அடுத்தவர். மூன்றாமவர், ஊரில் ஒரு கொலையைச் செய்துவிட்டு ஓடி வந்தார் என்றார். "பார்த்தவர் யாராவது சொன்னதா?" என்று மூவரிடமும் கேட்டேன். மூவரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்றார்கள். இதைச் செய்தியாக எந்த ஆசிரியரிடமும் நான் கொடுத்திருக்க முடியாது.

அண்ணன் சுங்குவார்சத்திரத்தில் வேன் ஓட்டுகிறார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பேப்பர்காரரே, தாத்தா ஆப்ட்டாரா?"

"இன்னும் இல்லண்ணே. பத்திரத்துல தகப்பன் பேரே இல்ல."

"ஆப்டவே வாணாம். எம் பொண்ணுக்குப் பேசிக்கினு கீறோம், தெரியுமில்ல? மாப்ள வூட்ல கொலசாமி எதுன்னு கேட்டாங்க. பூர்வீகமே சேரப்பணஞ்சேரி, சாமியும் அங்கத்துதான்னு சொல்ட்டேன். இப்பப் போயி நீ வேற ஊரு, வேற ஆளுன்னு எதனா தூக்கினு வந்து வெச்சின்னா?"

"வேற ஆளுன்னா?"

"டேய். முப்பது வருசம் பேப்பர்ல இருந்தவன் நீ. நான் சொல்லித் தரணுமா?" டீயை ஒரே மடக்கில் குடித்தார். "தகப்பன் பேர ஒருத்தன் சொல்லாம வுட்டான்னா, அதுக்குக் காரணம் இருக்கும். நோண்டாத."

அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாதி அந்த மேஜையில் எங்கள் இரண்டு கிளாஸ்களுக்கு நடுவே இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் கூட்டம் சாலையைக் கடந்ததும் அவர் வண்டியை எடுக்கப் போனார்.

மிச்சம் இருந்த ஆதாரம் மண்தான். சிவப்பு மண் எந்தப் பக்கத்தது என்று தெரிந்தால் தேட ஒரு திசையாவது கிடைக்கும். கல்லின் அடியில் ஒரு கை அள்ளி, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, அரசு மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டு போனேன். பெண் அதிகாரி. விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"யூரியா எவ்ளோ போடணும்னு சொல்லுவோம் சார். சொந்த ஊரெல்லாம் சொல்ல மாட்டோம்."

ஆனாலும் ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, பேனா மூடியால் கிளறிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இது வயல் மண்ணே இல்ல சார். கிராவல். கம்பெனி கட்டறதுக்கு முன்னாடி லாரி லாரியாக் கொட்டி மேடாக்குவாங்களே, அது. இதப் பாருங்க."

நகத்தளவு கருங்கல் துண்டுகள் மூன்றை ஒதுக்கி வைத்தார். கூர்மையான ஓரங்கள். மெஷினில் உடைத்த ஜல்லி. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் துணியில் முடிந்து வந்த மண்ணில் அது இருக்க முடியாது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். கல்லைப் பெயர்த்த அன்று என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன்.

"நாங்க போறப்பவே காம்பவுண்டு எழுப்பிட்டாங்கடா. கல்ல பொக்லைன்காரன் நவுத்திக் கம்பெனி கேட்டாண்ட போட்டுட்டான். செக்யூரிட்டி பத்து நிமிசம்தான்னான். கல்லு எங்க இருந்துச்சுன்னா, தோ அங்கன்னு கைய காட்னான். தோண்டினோம். செவப்பா வந்துச்சு. சித்தப்பா குழிக்குள்ளயே உக்காந்துட்டாரு. நான் இன்னா சொல்றது?"

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நம்ம நெலம் நாலடி ஒசந்து நிக்குது. எனக்குத் தெரியாம இருக்குமா?"

அப்பாவிடம் மறைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைத்தால் அவர் அடுத்த ஊர், அடுத்த ஆள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. டயாலிசிஸ் இல்லாத ஒரு மதியம் சொன்னேன். பத்திரத்தில் ஆரம்பித்து ஜல்லி வரை, கூட்டாமல் குறைக்காமல். அவர் கையில் ஊசி போட்ட இடத்துப் பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப பழைய மண்ணு?"

"கீழதான் இருக்கும்பா. நாலடிக்குக் கீழ."

"மேல இன்னா கீது?"

"லாரி நிறுத்தற எடம். சிமெண்ட் போட்டுட்டாங்க."

தலையாட்டினார். நான் எழுந்து போகும்போது கேட்டார்.

"அந்த லாரி மண்ணு எந்த ஊருது?"

நான் நின்றேன்.

"அதுவும் ஒரு ஊர்லேர்ந்து தானே வந்துருக்கும்? பதினஞ்சு வருசமா அதுக்குத்தான பொங்க வெச்சோம். அதாவது எந்த ஊருன்னு கேளு."

கேட்டேன். அந்தக் காலத்தில் மண் அடித்த லாரிக்காரர் ஒருவரை ஒரகடம் பக்கம் தேடிப் பிடித்தேன். லாரிகளை விற்றுவிட்டு லாட்ஜ் நடத்துகிறார். வடமாநிலப் பையன்களுக்கு அறை. மரியாதையாக உட்கார வைத்தார்.

"எங்க பர்மிட் குடுத்தாங்களோ அங்க அள்னோம் சார். ஒரு மாசம் ஒரு ஏரி, அடுத்த மாசம் ஒரு மலை. எது எந்தக் கம்பெனிக்குள்ள போச்சுன்னு யாரு பாத்தா? நாலஞ்சு எடத்து மண்ணு ஒண்ணாக் கலந்துதான் கீழ போவும்."

இதையும் அப்பாவிடம் சொன்னேன். சரி என்றார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆடி வந்தது. ஞாயிறு காலை அண்ணன் பொங்கலுக்குக் கூப்பிட வந்தார். அப்பா கட்டிலிலிருந்து எழவில்லை. "நீங்க போயி வெய்ங்க" என்றார். அவர் இல்லாமல் பொங்கல் வைத்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் மகளுக்குப் பேசிய இடத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பூர்வீகக் கல் என்று அண்ணன் அவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தார். என்னை ஒரு முறை பார்த்தார். நான் அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துப் போட்டேன்.

பானை கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. அது நல்லதென்பார்கள். அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் சொன்னார்.

"சித்தப்பா, கெழக்கால பொங்கிச்சு!"

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தமும், அப்பா ஒரு முறை இருமியதும் மட்டும் கேட்டன. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கேட்கவில்லை போலிருக்கிறது என்று வந்தவர்களிடம் சொல்லி, அண்ணன் போனை வைத்தார்.