தோற்றவரைத் தேடிப் போன மாஸ்டர்

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் எனக்குச் செய்தி வந்தது. நான் வழக்கமாக வாங்கும் அம்மா கனகசெட்டிக்குளத்துக்காரர். மீனைக் கழுவிக்கொண்டிருந்தவருக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "டீச்சரம்மா, உங்க ஸ்கூலு தேசப்பன் மாஸ்டரு தவறிட்டாராம். நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவருதான், எழுந்திருக்கலயாம்" என்றார். மீனை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் ஓட்டம் பழகியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவரைப் புகழ்ந்து பேச நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தலைமை ஆசிரியையாக இருந்த நான் அவருக்கு ஒரு கெடுதல் செய்தேன். அதை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விளையாட்டு விழாவில் அவர் செய்வது உங்களுக்கு நினைவிருக்கும். ஓட்டம் முடிந்ததும் எல்லாரும் முதலில் வந்தவளைத் தூக்கிக் கொண்டாடுவோம். மாஸ்டரைக் காணோமே என்று தேடினால், மைதானத்தின் அந்தக் கோடியில் கடைசியாக வந்த பெண்ணிடம் நின்று, "எந்த இடத்துல கால் பின்னுச்சும்மா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு வருடம் எனக்குக் கோபம் வந்து, "ஜெயிச்ச பொண்ண மொதல்ல வந்து பாருங்க மாஸ்டர்" என்று மைக்கிலேயே கூப்பிட்டேன். நிதானமாக வந்து, "ஜெயிச்சவங்களுக்குத் தரையே தெரியாது மேடம். பின்னாடி வந்தவங்களக் கேட்டாத்தான் எங்க பள்ளம்னு சொல்லுவாங்க" என்றார். எனக்கு அது சால்ஜாப்பாகத்தான் பட்டது.

அவர் மீது எனக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. காலைப் பிரார்த்தனையில் எல்லாரும் நேராக நிற்கும்போது அவர் மட்டும் மேடைப் படியில் உட்கார்ந்துவிடுவார். இல்லையென்றால் பெஞ்சில் ஒரு காலைத் தூக்கி வைத்துக் குனிந்துகொள்வார். ஆனால் அதே மனிதர் கனகசெட்டிக்குளத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். எனக்கு அறிவு அதிகம் அல்லவா, சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டேன். ஒருநாள் ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும், "அவ்ளோ தூரம் சைக்கிள் மிதிக்கிற கால் அஞ்சு நிமிஷம் நிக்காதா மாஸ்டர்?" என்று கேட்டேன். "நின்னா ரெண்டு காலும் மரத்துப் போவுது மேடம். குனிஞ்சா சரியாப் பூடுது" என்றார். "நல்ல வியாதிதான்" என்றேன். சிரித்தீர்கள். அன்று மாலையே விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து அவர் நின்றார். ஓய்வு பெறும்வரை நான்கு வருடம் நின்றார். கொடிக்கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பார், முகமெல்லாம் வேர்த்திருக்கும். மெமோ வேலை செய்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். அவர் ஒருநாள்கூட அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. வலி என்ற சொல்லையே அதற்குப் பிறகு பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெற்ற சில வருடங்களில் என் கால்களும் மக்கர் செய்யத் தொடங்கின. மார்க்கெட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரைகூட நடக்க முடியாது. காய்கறிக் கடைப் பலகையில் கையை ஊன்றிக் குனிந்தால் உடனே சரியாகிவிடும். ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்புப் பக்கம் முதுகெலும்புக்குள் நரம்பு போகும் வழி குறுகிவிட்டது என்றார் டாக்டர். "நிமிர்ந்து நின்னா அந்த வழி இன்னும் இறுகும். குனிஞ்சா கொஞ்சம் திறந்து கொடுக்கும். அதனாலதான் இந்த வியாதி இருக்கிறவங்க நடக்க முடியாம சைக்கிள் மட்டும் நல்லா ஓட்டுவாங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். அதன் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. இன்னொரு நாள் போய்த் திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று.

இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். ஒருவர், நரம்பை அழுத்தும் எலும்பையும் தடித்துப் போன சவ்வையும் மட்டும் எடுத்தால் போதும், சில நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார். மற்றவர், என் எலும்பு ஒன்று அடுத்ததன் மேல் நகர்ந்திருக்கிறது, அதனால் வழியை அகலமாக்கிவிட்டு ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து இணைக்க வேண்டும் என்றார். அது பெரிய ஆபரேஷன், தேறவும் அதிக நாளாகும். எதைச் செய்வது என்று தெரியாமல் தவித்தபோது, பிசியோதெரபி செய்யும் பெண் சொன்னாள்: "இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒரு பி.டி. மாஸ்டர் இருக்காரு மேடம். யாருக்கு சந்தேகம் இருந்தாலும் தன் நம்பரக் குடுக்கச் சொல்லியிருக்காரு. தனக்கு முழுசா சரியா ஆகலங்கறதையும் சொல்லிடுங்கன்னாரு."

பெயரைக் கேட்டேன். தேசப்பன் என்றாள். ஒரு வாரம் கழித்துத்தான் போன் செய்யும் தைரியம் வந்தது.

மறுநாள் காலையில் சைக்கிளில் வந்துவிட்டார். இடது பாதம் லேசாகத் தரையில் இழுபட்டது. தன் ஸ்கேன் படங்களையும் என் படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் அருகருகே பிடித்துக் காட்டினார். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் நல்லபடியாக ஆனவர்களை விட்டுவிட்டு, ஆகாதவர்களாகத் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார். எலும்பு மட்டும் எடுத்து, பிறகு எலும்பு நகர்ந்து மறுபடி படுக்கையில் விழுந்தவர் ஒருவர். ஸ்க்ரூ போட்டு, சில வருடத்தில் அதற்கு மேலே உள்ள எலும்பில் வலி வந்தவர் ஒருவர். "எனக்கு எலும்பு நவுரல மேடம். அதனால சின்னதே போதும்னு பண்ணிக்கிட்டேன். உங்குளுக்கு நவுந்திருக்கு. குனியும்போது ஒண்ணு, நிமிரும்போது ஒண்ணு எக்ஸ்ரே எடுத்து, அது ஆடுதான்னு பாக்கச் சொல்லுங்க. ரெண்டு டாக்டருகிட்டயும் ஒரே கேள்வியக் கேளுங்க. சரியா வரலைன்னா அடுத்து இன்னா பண்ணுவீங்கன்னு. என்னுத வச்சி நீங்க முடிவு பண்ணாதீங்க."

"உங்களுக்கு ஏன் கால் சரியாகல?" என்று கேட்டேன்.

"லேட்டாப் போனேன் மேடம். வலி கொறஞ்சிடுச்சி, நல்லாவே நடக்கறேன். ஆனா நரம்பு ரொம்ப வருஷம் நசுங்கிக் கெடந்தா முழுசாத் திரும்பறது கஷ்டமாம்."

"ஏன் லேட்டு?"

படங்களை உறையில் போட்டுக்கொண்டே, "தோணல மேடம்" என்றார். பிறகு, "சக்கர கம்மியா ஒரு காபி குடுங்க" என்றார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு காபியோடு வந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. எத்தனையோ பேரை மேடையில் நிற்க வைத்துக் கேட்க வைத்தவளுக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை.

அவர் சொன்னபடி படம் எடுத்ததில் என் எலும்பு ஆடுவது தெரிந்தது. ஸ்க்ரூ வைத்துக்கொண்டேன். தேற மாதக்கணக்கில் ஆனது, ஆனால் இப்போது நடக்கிறேன். அவர் அடிக்கடி போன் செய்து, "இன்னிக்கு எவ்ளோ தூரம் மேடம்?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போனை எடுப்பேன். தூரத்தை மட்டும் சொல்லிவிட்டு வைப்பேன்.

கருமாதி முடிந்த மறுநாள் அவர் வீட்டில் அவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். ஸ்கேன் உறையைக் கையில் பிடித்தபடி ஒருவர் உள்ளே வந்து, "மாஸ்டரு இருக்காருங்களா?" என்றார். அவருக்குச் செய்தி தெரியாது. மாஸ்டரின் மனைவி விஷயத்தைச் சொல்லிவிட்டு, "இவங்களும் பண்ணிக்கிட்டவங்கதான், இவங்களக் கேளுங்க" என்று என்னைக் காட்டினார். வந்தவரின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு ஆபரேஷன்களையும் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். எனக்கு நன்றாக ஆகிவிட்டது, அதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் மாஸ்டருக்கு நடந்ததையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அதையும் சொன்னேன்.

"வாத்தியாரா இருந்தவரு, ஏன் அவ்ளோ லேட்டாப் போனாரு?" என்று வந்தவர் கேட்டார்.

"அவரு சீக்கிரமே சொன்னாரு. அப்ப நான்தான் அவருக்கு ஹெச்.எம். பொய் சொல்றாருன்னு எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தினேன். அதுக்கப்புறம் அவரு யாருகிட்டயும் வலின்னு சொல்லவேயில்ல."

மாஸ்டரின் மனைவி என் பக்கம் திரும்பாமலே, "எனக்குத் தெரியும் மேடம். அந்தம்மா நல்லா நடக்கட்டும், அதப் பத்தி நீ ஒண்ணும் கேக்காதன்னு சொல்லி வச்சிருந்தாரு" என்றார்.

அவர் நம்பருக்கு இன்னும் அழைப்பு வருகிறது. வீட்டிலிருந்து எனக்குச் சொல்லியனுப்புகிறார்கள், நான் பேசுகிறேன். அவர் என்னிடம் விட்டுப்போனது இந்த வேலைதான். எல்லாரும் கடைசியில், மாஸ்டர் ஏன் லேட்டாகப் போனார் என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொல்கிறேன்.