அக்காவும் நான்கு கதவு இத்தாலியக் காரும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரது நற்பண்புகளை மட்டும் எழுதினால் போதும் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். ஆனால் அவர் வைத்திருந்த காரை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. காரைப் பற்றி எழுதினால் சில கசப்புகளையும் எழுதத்தான் வேண்டும்.

அக்கா சாவகச்சேரியில் எங்கள் பெற்றோரின் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தார். மூத்தவர் பெரியண்ணை, கடைசி நான். அத்தானை மணந்து லண்டன் வந்து நோர்பரியில் குடியேறியபின், இயந்திரப் பாகங்களுக்கு வரைபடம் கீறும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை செய்தார். பிள்ளைகள் இல்லை. அதற்காக அவர் கேட்ட சொற்களை இங்கே எழுத விரும்பவில்லை.

ஹவுன்ஸ்லோவில் ஒரு வீட்டுக் கராஜில் ஓடாமல் கிடந்த அந்தக் காரை அக்காவும் அத்தானும் சேர்ந்துதான் வாங்கினார்கள். பெயர் குவாத்ரோபோர்ட்டே. இத்தாலிய மொழியில் நான்கு கதவு என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை. பந்தயக் கார்களுக்குப் பெயர்பெற்ற ஒரு கம்பனி, அறுபதுகளின் தொடக்கத்தில், பந்தய இயந்திரத்தின் வழிவந்த எட்டு சிலிண்டர் இயந்திரத்தை ஒரு குடும்பக் காருக்குள் வைத்தது. நான்கைந்து பேர் வசதியாகச் சாய்ந்திருந்தபடி மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய கார் அந்தக் காலத்தில் மிக அரிது. அக்காவுக்கு வேகத்தில் அக்கறை இருக்கவில்லை. கூரையைத் தாங்கும் மெல்லிய தூண்கள், அகன்ற கண்ணாடிகள், நீள்சதுர முன்விளக்குகள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தவர், "இஞ்ச பாருங்கோ, இதில ஒரு கோடும் சும்மா கீறேல்லை" என்று அத்தானிடம் சொன்னார்.

திருத்தத் தொடங்கும் முன்பே மாரடைப்பு அத்தானைக் கொண்டுபோய்விட்டது. காரை விற்கச் சொல்லாத ஆளில்லை. அக்கா மாலை வகுப்பில் சேர்ந்து வெல்டிங் பழகினார். நோர்பரி வீட்டுக் கராஜில், துருவேறிக் கறள் தின்ற அடித்தகட்டை வெட்டியெடுத்துத் தாமே புதுத்தகடு வைத்தார். இயந்திரத்தை மட்டும் வெளியே கொடுத்துத் திருத்துவித்தார். கருநீலம் பூசி வீதிக்கு இறக்கிய அன்று என்னை ஏற்றிக்கொண்டு கடற்கரை வரை போய் வந்தார். அத்தான் போனபின் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

பிறகு பெரியண்ணையின் மகளுக்குக் கலியாணம் வந்தது. அண்ணையும் அவர் மனைவி மச்சாளும் நோர்பரிக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"தங்கச்சி, மகளுக்கு உன்ர கார்தான் வேணுமாம்" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை, கொண்டு வாறன்."

மச்சாள் அண்ணையைப் பார்த்தார். அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ காரை ஓட வேண்டாம். வேற ஆள் ஓடட்டும். கலியாணப் பொம்பிளை வெளிக்கிடேக்க நீ முன்னுக்கு நிண்டா சனம் கதைக்கும்."

அக்கா கேட்டார்: "புருசன் இல்லாதவளின்ர கார் வரலாம், அவள் வரக்கூடாதோ அண்ணை?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்பிடித்தான் சொன்னனீங்கள். நான் ஓடாட்டி கார் வராது."

கலியாணத்துக்கு வேறொரு கார் பிடித்தார்கள். அக்கா அழைப்பில்லாமலே மண்டபத்துக்கு வந்து, கடைசி வரிசையிலிருந்து அட்சதை போட்டு, சாப்பிடாமல் திரும்பினார். அதன்பின் அண்ணை வீட்டிலிருந்து யாரும் நோர்பரிப் பக்கம் வரவில்லை. கார்த் திமிர் என்று மட்டும் கதை பரவியது. அக்கா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் நான் எல்லோருக்கும் அறிவித்தேன். சிலர் வேலை என்றார்கள், சிலர் தூரம் என்றார்கள். நோர்பரி ஒருவருக்கும் அவ்வளவு தூரமில்லை. கை தளர்ந்து ஸ்டியரிங் பிடிக்க ஏலாது என்றானபோது, பழைய கார் விரும்பிகள் சங்கத்தில் பழகிய ஒரு ஆங்கிலேயப் பெண்ணுக்கு அக்கா காரை விற்றார். மூடி வைக்காமல் ஓடவேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டுக்கொண்டது.

அக்காவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியண்ணை என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கார் எங்கை?"

"வித்துப்போட்டா."

"எங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"கேக்கிறதுக்கு நீங்கள் ஒருநாளும் வரேல்லையே அண்ணை."

அவர் வெளியே போய்விட்டார்.

ஒவ்வொரு சிகிச்சைக்கும் அக்காவைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்த எதிர்வீட்டு மலேசியத் தமிழ்த் தம்பதிக்கும், இறுதிநாட்களில் அவரது வலியைத் தணித்த தாதிமாருக்கும், ஞாயிறுதோறும் காரைக் கொண்டுவந்து அக்காவை ஏற்றி ஊர் சுற்றிக்காட்டிய அந்த ஆங்கிலேயப் பெண்ணுக்கும் என் மனமார்ந்த நன்றி. வராதவர்களுக்கும் இம்மலர் தபாலில் வரும். இந்த நன்றியில் தங்களுக்கும் பங்குண்டு என்று அவர்கள் எண்ணவேண்டாம்.

அக்காவுக்கு அமைதி கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தங்கை