நல்ல தண்ணி வந்துருச்சு!

காலையில் மகளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது.

நர்ஸ் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "புள்ளைக்கு என்ன தண்ணி குடுக்குறீங்க?"

"நல்ல தண்ணிதாங்க."

"காய்ச்சுனதா?"

"இல்லைங்க. குழாயில வருமே, அந்த நல்ல தண்ணி."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, உப்பு இல்லைன்னா நல்லதாயிருமா?"

எங்கள் தெருவில் உப்புத் தண்ணிக்கு ஒரு குழாய், நல்ல தண்ணிக்கு ஒரு குழாய். பிறந்ததிலிருந்து இப்படித்தான் சொல்கிறோம். போன வாரம் அந்த நல்ல தண்ணி மஞ்சளாக வந்தது, சாக்கடை வாடை அடித்தது. அப்போதும் குழாய் வாயில் துணியைக் கட்டிவிட்டு, "அக்கா, நல்ல தண்ணி வந்துருச்சு!" என்றுதான் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தேன்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் அண்ணனும் சுகருக்குக் காட்ட வந்திருந்தார். கையில் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில்.

"என்னண்ணே, நீங்க தொறந்துவிடுற தண்ணிய நீங்களே குடிக்கிறதில்லையா?"

"இல்லத்தா. பைப்பு எந்தச் சாக்கடை வழியா வருதுன்னு எனக்குத் தெரியும்ல."

புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளுக்கு ட்ரிப்ஸ் ஏறுகிறது. பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நாளைக்கு மறுபடி எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் நாள். வந்ததும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்னவென்று குரல் கொடுப்பது? பெயர் ஒன்று சொல்லுங்கள்.