என் வயிற்றிலிருந்து விழுந்த டாங்கி

எனக்கு ஏழு வயதானபோது, ஒரு போர் விமானத்தின் பெட்ரோல் டாங்கியை நான் விழுங்கிவிட்டதாக எங்கள் வீட்டில் முடிவு கட்டினார்கள். நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஒரு சட்டைப் பொத்தானை விழுங்கியிருந்தேன். அந்த ஒரு பெயர் போதாதா?

அப்போது சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, சிலேத்தார் விமானத் தளத்தில் ஸ்டோர் கிளார்க். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார சார்ஜண்ட் ஒருவர் அவரிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே, உலகப் போரில் பறந்த மஸ்டாங் விமானம், கையகல பிளாஸ்டிக் பொம்மையாக, துண்டு துண்டாக இருந்தது. வேலை முடிந்து வந்ததும் சித்தப்பா பசையும் உப்புத்தாளுமாக உட்கார்ந்துவிடுவார்.

இறக்கைக்கு அடியில் தொங்கும் இரண்டு டாங்கிகள் மீது அவருக்குக் கொள்ளைப் பிரியம். தோலோடு இருக்கும் நிலக்கடலை அளவுதான் ஒவ்வொன்றும். இரண்டு பாதிகளை ஒட்டி, ஒட்டு தெரியாமல் தேய்த்து, வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார். தூரப் பயணத்துக்கான கூடுதல் பெட்ரோல் அதில்தான் இருக்குமாம்.

"சண்டை வந்துச்சுன்னா பைலட் கழட்டி விட்டுடுவான் அண்ணி. தன்னால கீழ விழுந்துடும்," என்று அம்மாவிடம் விளக்குவார். அம்மா அரிசி களைந்தபடியே 'ம்' கொட்டுவாள்.

ஒருநாள் பார்த்தால் ஒரு டாங்கியைக் காணோம். அப்பாதான் கண்டுபிடித்தார்.

"என்னடா, ஒரு பக்கம் மொட்டையா இருக்கு?"

சித்தப்பாவுக்குக் குப்பென்று வியர்த்தது. "இங்கதான் வச்சேன்... காணோம்ண்ணே," என்றார். எல்லாருடைய கண்ணும் என் வயிற்றுப் பக்கம் திரும்பியது.

"நான் முழுங்கல!" என்று கத்தினேன்.

"முழுங்கினவ முழுங்கினேன்னா சொல்லுவா?" என்றாள் அம்மா. பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "தன்னால விழுந்துடும்னு சொன்னீங்கள்ல தம்பி?" என்று கேட்டாள். சித்தப்பா பரிதாபமாகத் தலையாட்டினார்.

ஆரம்பித்தது என் கஷ்டகாலம். காலையில் விளக்கெண்ணெய், மத்தியானம் வாழைப்பழம், சாயங்காலம் மறுபடியும் வாழைப்பழம். பள்ளிக்கூடம் கிடையாது. ஒரு பழைய பீங்கான் சட்டியை என்னிடம் ஒப்படைத்து, அதை விட்டு நகரக் கூடாது என்றார்கள். கீழே மசாலைக் கடை வைத்திருந்த பாய் தினமும் அண்ணாந்து, "பாப்பா, இன்னும் விழலயா லா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார். மானம் போயிற்று. எதிர்க் கடையில் பூக் கட்டும் அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. என்னை ஜன்னலில் கண்டாலே தலையைக் குனிந்துகொண்டு வேகவேகமாக மல்லிகையைக் கட்டினாள்.

ஒரு மிட்டாய்க்குக்கூட மூக்கால் அழும் சித்தப்பா, எனக்குத் தினமும் சீவிய ஐஸில் சர்பத் ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கி வந்தார். நான் தின்பதைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பார்த்துத்தான் எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை முழுங்கித்தான் விட்டோமோ? குதித்துப் பார்த்தேன். உள்ளே பெட்ரோல் தளும்புகிற மாதிரியே இருந்தது.

வாரக் கடைசியில் அப்பா பொறுமையிழந்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். உள்ளதான் இருக்குன்னா வயித்தைக் கிழிச்சு எடுக்க வேண்டியதுதான்."

நான் போட்ட கூச்சலில் பாய் கடையை விட்டு வெளியே ஓடி வந்துவிட்டார். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. கிழித்த வயிற்றைத் திரும்பத் தைப்பார்களா என்றுகூட யாரும் சொல்லவில்லை. சித்தப்பா சட்டென்று எழுந்தார். ஒற்றைக் காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினார். கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். கையில் வெள்ளி டாங்கி!

"விழுந்துடுச்சு அண்ணி!"

"எங்க?"

"சட்டியிலதான். கழுவி எடுத்துட்டேன்."

சட்டி என் பக்கத்தில் காய்ந்து கிடந்தது. அன்றைக்கு நான் அதன் மேல் உட்காரவே இல்லை. ஆனால் பிழைத்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? அப்பா "முருகா" என்று நாற்காலியில் சாய்ந்தார். அம்மா டாங்கியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். நானும் எட்டி முகர்ந்தேன். மல்லிகைப்பூ வாசம் கும்மென்று அடித்தது. அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள், ஜன்னல் வழியாக எதிர்க் கடையைப் பார்த்தாள். "அப்படியா தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரமே எதிர்க் கடைக்குத் தாம்பூலத் தட்டு போயிற்று. என் வயிறு பிழைத்ததற்கு நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கல்யாணம் நடந்தது. பந்தியில் எல்லாரும் எனக்காகத்தான் சாப்பிடுகிறார்கள் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பூக்கார அக்கா மணக்கோலத்தில் என்னைக் கூப்பிட்டு, தன் தலையிலிருந்து கொஞ்சம் பூவைக் கிள்ளி எனக்கு வைத்துவிட்டாள்.

"ஐ! என் வயித்துக்குள்ளேருந்து வந்த டாங்கி வாசம்!" என்று கத்தினேன்.

மணப்பெண்ணின் தலை மடிவரை குனிந்துவிட்டது. சித்தப்பாவுக்குப் புரையேறியது. அம்மா என் தொடையைக் கிள்ளிக்கொண்டே, சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தப் பந்தலில் சிரிக்காமல் இருந்தது இரண்டே பேர்தான். ஒன்று நான்.

"எதுக்கு எல்லாரும் சிரிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா இன்னொருவர்.