சுதாகர் சிரித்த சிரிப்பு

காந்திமதி மேடம் கூட்டாட்சியைப் பாடப்புத்தகத்திலிருந்து தொடங்க மாட்டார். கரும்பலகையில் ‘சுதாகர்’ என்று எழுதுவார். அதற்கப்புறம்தான் அரசமைப்புச் சட்டம். விழுப்புரத்தில் அவரிடம் சட்டம் படித்தவர்களுக்கு 341-ஆவது பிரிவு என்றால் சட்டென்று விளங்காது, சுதாகர் பிரிவு என்றால் விளங்கும். ஒருவன் பரீட்சைத் தாளிலேயே அப்படி எழுதி மார்க்கை இழந்தான்.

சீனியர்கள் சொல்லி எங்களுக்குக் கதை முன்பே தெரியும். மேடத்துக்கு ஊர் முகையூர்ப் பக்கம். பெற்றவர்கள் கூலி வேலை. பட்டம் முடித்ததும் புதுச்சேரி அரசில் எழுத்தர் வேலைக்கு எஸ்.சி. ஒதுக்கீட்டில் மனுப் போட்டார். எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புதுச்சேரி வேறு அரசு என்ற நினைப்பே கிடையாது. ஆஸ்பத்திரிக்கு அங்கே, துணி எடுக்க அங்கே, பெண் கொடுப்பதும் அங்கே. பஸ்ஸில் வளவனூர் தாண்டினால் தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி என்று எல்லை மாறிக்கொண்டே இருக்கும், யார் பார்க்கிறார்கள்? மேடமும் விழுப்புரத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழோடு போய் நின்றார்.

சான்றிதழ் சரிபார்த்தவர்தான் சுதாகர்.

“உன் சாதி வளவனூர் தாண்டுனதும் பஸ்ஸ வுட்டு எறங்கிடுச்சும்மா. நீ மட்டும்தான் வந்து நிக்கிற,” என்று சொல்லிச் சிரித்தார். அறையே சேர்ந்து சிரித்தது.

அந்த ஆளைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டும் என்றே மேடம் சட்டம் படித்தார். படித்த பிறகுதான் தெரிந்தது, சுதாகர் சொன்னது சரி, தமிழ்நாட்டுச் சான்றிதழ் அங்கே செல்லாது. 341-ஆவது பிரிவின்படி எந்தெந்தச் சாதி எஸ்.சி. என்ற பட்டியலைக் குடியரசுத் தலைவர் ஒவ்வொரு மாநிலத்துக்கும் யூனியன் பிரதேசத்துக்கும் தனித்தனியாக அறிவிக்கிறார். அதைத் திருத்த நாடாளுமன்றத்தால்தான் முடியும், மாநிலம் கை வைக்க முடியாது. வழக்குக்கு வழியில்லை என்றானதும் மேடத்தின் கோபம் இரண்டு மடங்காயிற்று. “சட்டம் அவரு பக்கம். சிரிப்பு எந்தப் பிரிவுல இருக்குது?” என்று வருடா வருடம் வகுப்பில் கேட்பாராம். எனக்கு அது பிடித்திருந்தது. மன்னிப்பதுதான் பெருந்தன்மை என்று பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரியும்.

எங்கள் வருடம் திண்டிவனத்திலிருந்து அம்பிகா வந்து சேர்ந்தாள். அறிமுகத்தின்போது, “அப்பா பேரு சுதாகர். புதுச்சேரி கவர்மெண்டுல சர்டிபிகேட் செக்‌ஷன்ல இருந்து ரிட்டையர்டு ஆயிட்டாருங்க,” என்றாள். மேடம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் கூட்டாட்சிப் பாடம். மகளை எதிரில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரை எழுதுவாரா, விட்டுவிடுவாரா என்பதுதான் எங்கள் பேச்சு.

எழுதினார். ஒரு சொல் குறைக்காமல் கதையையும் சொன்னார்.

“அம்பிகா, எந்திரிம்மா. உங்கப்பா செஞ்சது சட்டப்படி சரியா?”

“சரிங்க மேடம். லிஸ்ட் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேற. பார்லிமென்ட்தான் மாத்த முடியும்.”

“கரெக்ட். சிரிச்சது?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “வீட்டுக்கு யாரு வந்தாலும் அப்பா இப்பவும் அதச் சொல்லிச் சிரிப்பாருங்க மேடம். முகையூர்க்காரி ஒருத்தின்னு. நாங்களும் சிரிச்சிருக்கோம்.”

இத்தனை வருடமாக மேடம் அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்ததாக நாங்கள் நினைத்திருந்தோம். அந்த ஆளோ மேடத்தை வைத்து விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது.

“அவருக்கு என் பேரு தெரியாது,” என்றார் மேடம். “காந்திமதின்னு சொல்லு. உனக்குக் கான்ஸ்டிடியூஷன் நடத்திக்கினு இருக்கறது அந்த முகையூர்க்காரிதான்னு சொல்லு. இன்னிக்கே சொல்லு, அவரு சாப்பிட உக்காரும்போது. உன் மார்க்குல நான் கை வைக்க மாட்டேன்னும் சொல்லிடு. எது சட்டமோ அதுதான்.”

மறுநாள் மேடம் வந்ததும் அம்பிகாவைத்தான் பார்த்தார். அவள் தானாகவே எழுந்தாள்.

“சொன்னேங்க மேடம். தட்டுலயே கையக் கழுவிட்டு எந்திரிச்சிட்டாரு.”

“பாதியாவது சாப்பிட்டாரா?”

“ரெண்டு வாய்தாங்க.”

மேடம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரிக்கும் ஏழாவது அட்டவணையை எடுக்கச் சொன்னார்.